இருந்து பழகின உடம்புக்கு எது கூடப் பலன் தரும்: நடையா, சைக்கிளா, ஓட்டமா, இடைவெளிப் பயிற்சியா?

கல்லடிவாசி | திங்கள், இரவு 8.10

எல்லாருக்கும் வணக்கம். கந்தோரிலும் கடையிலும் வகுப்பறையிலும் இருந்தபடியே நாளைக் கழிக்கிற இருபது பேருக்கு 12 வாரத் திட்டம் ஒன்று போட வேணும். வயது 35 முதல் 55 வரை, பாதிப்பேர் பெண்கள். சிலருக்கு பிரஷர், சிலருக்கு சீனி. ஜிம் கிடையாது. மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரை, பாலம், வீட்டு வளவு, சைக்கிள் இவ்வளவும்தான் கையில் இருப்பது.

எடை குறைப்பது இரண்டாம் பட்சம். மூச்சு வாங்காமல் மூன்று மாடி ஏறுகிற அளவுக்கு இதயமும் நுரையீரலும் தேற வேணும், அதுதான் இலக்கு. வயதானவர்கள் நடந்தால் போதும் என்கிறார்கள். இளம் பிள்ளைகள் பத்து நிமிட ‘ஹிட்’ (கொஞ்ச நேரம் கடும் வேகம், இடையில் ஆறுதல் என்று மாறி மாறிச் செய்யும் இடைவெளிப் பயிற்சி) செய்தால் ஒரு மணித்தியால நடைக்குச் சமம் என்கிறார்கள். எந்த முறை, எவ்வளவு, எங்கே பிழைக்கும் என்று தெரிந்தவர்கள் கணக்கோடு சொல்லுங்க.

உப்போடை_பிசியோ | திங்கள், இரவு 9.02

முதலில் ஆளின் உச்சம் எங்கே இருக்கிறது என்று பாருங்க. அது தெரியாமல் முறைகளை ஒப்பிட முடியாது.

உடம்பு ஒரு நிமிடத்தில் ஒரு கிலோ எடைக்கு எத்தனை மில்லிலீற்றர் ஒட்சிசனை எடுத்துப் பயன்படுத்த முடியும் என்பதே உச்ச ஒட்சிசன் அளவு. சும்மா இருக்கும்போது செலவாவது 3.5 மி.லீ.; இதை 1 மெற் என்பார்கள். 45, 50 வயதில் பல வருடம் அசையாமல் இருந்த ஒருவரின் உச்சம் பெரும்பாலும் 25 முதல் 30 மி.லீ. வரைதான் வரும். 28 என்று வைத்துக்கொள்ளுவோம், அதாவது 8 மெற்.

இப்போது மட்டமான தரையில் செலவைப் பாருங்க. மணிக்கு 5 கி.மீ. நடைக்கு ஏறத்தாழ 12 மி.லீ., 6 கி.மீ. நடைக்கு 13.5. மணிக்கு 8 கி.மீ. மெல்லோட்டத்துக்கு 30. பார்ப்பவருக்கு அது ‘மெதுவான ஓட்டம்’. ஓடுகிற இந்த மனிசனுக்கு அவருடைய உச்சத்துக்கும் மேல். இரண்டு நிமிடத்தில் நெஞ்சு அடைத்து, விலாவில் பிடித்து நின்றுவிடுவார், மறுநாள் வரமாட்டார். குறையை எல்லாரும் அவருடைய மனவுறுதியில் போடுவார்கள். உண்மையில் கணக்கே பிழைத்துவிட்டது.

அதே ஆளுக்கு 6 கி.மீ. வேக நடை உச்சத்தில் 48 சதவீதம். உச்சம் உயர்வதற்கு இது போதும். அமெரிக்காவில் 464 அசையாத, எடை கூடிய, மாதவிடாய் நின்ற பெண்களை வைத்து 6 மாதம் செய்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. உச்சத்தின் 50 சதவீதத்தில் வாரம் ஏறத்தாழ 72 நிமிடம் மட்டும் செய்த குழுவுக்கே உடற்தகைமை 4 சதவீதமளவு கூடியது. நேரம் இரட்டித்தவர்களுக்கு 6, மூன்று மடங்கு ஆக்கியவர்களுக்கு 8. ஆகவே தொடக்கத்துக்கு ஓட்டம் வேண்டாம், வேக நடை போதும்.

வாழைச்சேனை_ஓட்டம் | திங்கள், இரவு 9.40

அக்கா சொன்ன ஆறு மாதமும் 8 சதவீதமும் சரி. ஆனால் இதையும் பாருங்க. கனடாவில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் அசையாத ஆண்களில் இரண்டு பிரிவுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு பிரிவு 45 நிமிடம் நடுத்தர வேகத்தில் சைக்கிள் மிதித்தது. மற்றப் பிரிவுக்கு மொத்தம் 10 நிமிடம்தான், அதில் 20 செக்கன் முழுப் பலத்தோடு மூன்று தரம். வாரம் 3 நாள், 12 வாரம். முடிவில் இரண்டு பிரிவுக்கும் உச்ச ஒட்சிசன் அளவு ஒரேயளவாக 19 சதவீதம் கூடியது. 2016இல் வந்தது.

நோர்வேயின் துரொண்ட்ஹெய்மில் செய்த 4×4 இன்னும் பேர் போனது. 10 நிமிடம் உடம்பைச் சூடாக்கி, உச்ச நாடியின் 90 முதல் 95 சதவீதத்தில் 4 நிமிடம், இடையில் 3 நிமிடம் மெல்லிய அசைவு, இப்படி நாலு தரம், கடைசியில் 5 நிமிடம் ஆறுதல். மொத்தம் 40 நிமிடம். 8 வாரத்தில் 7 சதவீதம் கூடியது. அதே அளவு வேலையை மெதுவாக, நீண்ட நேரம் ஓடிச் செய்தவர்களுக்கு உச்சம் அசையவே இல்லை.

இருபது பேரும் வேலைக்குப் போகிற ஆட்கள். நேரம் இல்லாதவர்களுக்கு நீண்ட நடையைச் சொன்னால் மூன்றாம் வாரம் விட்டுவிடுவார்கள்.

உப்போடை_பிசியோ | திங்கள், இரவு 10.15

தம்பி சொன்ன இரண்டு ஆய்வும் உண்மை. ஆனால் யாரை வைத்து எப்படிச் செய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேணும். துரொண்ட்ஹெய்ம் ஆட்கள் ஏற்கெனவே ஓரளவு பயிற்சி உள்ள ஆரோக்கியமான ஆண்கள். அவர்களுக்கு மெதுவான ஓட்டம் பழகிப்போன சுமை, அதனால் அசையவில்லை. அசையாத ஆளுக்கு அதே சுமை புதிது, அசையும். மக்மாஸ்டர் ஆய்வு 27 ஆண்களோடு, ஆய்வுகூடத்தில், நிலையான சைக்கிளில், ஆள் பக்கத்தில் நின்று பார்க்க நடந்தது. 20 செக்கன் முழுப் பலம் என்றால் வீதியில் பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் நடுவில் செய்கிற காரியமா?

வேகம் தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு இதைவிட நல்ல சான்று இருக்கிறது. கனடாவில் வயிறு பெருத்த, அசையாத 121 பேரை 24 வாரம் பார்த்தார்கள், வெளிவந்தது 2015இல். மெதுவாகவும் குறைவாகவும் செய்தவர்களில் 39 சதவீதமானோருக்கு உடற்தகைமை கூடவே இல்லை. மெதுவாக, ஆனால் கூட நேரம் செய்தவர்களில் அது 18 சதவீதம். கூட நேரமும் கூட வேகமும் சேர்ந்த குழுவில் ஒருவர்கூடத் தவறவில்லை.

எனக்கு இதில் பெரிதாகத் தெரிவது ஒன்றுதான். “நான் மூன்று மாதமாக நடக்கிறன், ஒரு மாற்றமும் இல்லை” என்று சொல்லும் ஆளின் உடம்பில் குறையில்லை. முதலில் நேரத்தைக் கூட்டுங்க, மறுகா வேகத்தைக் கூட்டுங்க, அசையும். இந்த ஒழுங்கு தலைகீழானால் முழங்காலும் கணுக்காலும் முந்திக்கொண்டு பழுதாகும். இதயம் சில வாரத்தில் பழகும். தசைநாரும் எலும்பும் மாதக்கணக்கில்தான் பழகும்.

திருக்கோவில்_மணல் | செவ்வாய், காலை 5.05

இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முறை இருக்கு. இந்தக் குழுவுக்கு அதுதான் பொருத்தம்: இடைவெளி நடை. யப்பானின் மட்சுமோட்டோவில், சின்சு பல்கலைக்கழகத்தில், நடுத்தர வயதிலும் முதுமையிலும் உள்ள ஆட்களோடு செய்து பார்த்தது. 3 நிமிடம் வேகமாக, அதாவது சொந்த உச்சத்தின் 70 சதவீதத்துக்கு மேல். 3 நிமிடம் மெதுவாக, 40 சதவீதமளவில். ஒரு நாளைக்கு 5 சோடி அல்லது அதுக்கு மேல், வாரம் 4 நாள், 5 மாதம். உச்ச ஒட்சிசன் அளவு 10 சதவீதத்துக்கு அண்மித்துக் கூடியது. தொடைத்தசைப் பலமும் கூடியது, மேல் பிரஷர் குறைந்தது. ஒரே சீராக நடந்தவர்களுக்கு இந்தளவு வரவில்லை.

வீதியில் செய்யும் விதம்:

மெதுநடை நிமிடத்துக்கு 90 அடி (காலடி). வேகநடை 120 முதல் 130 அடி. 100 அடியைத் தாண்டினால்தான் நடுத்தர உடற்பயிற்சிக் கணக்கில் வரும், 130 அடி கடும் பயிற்சிக்கு அண்மை. எண்ணுவது சுகம். 15 செக்கன் எண்ணி நாலால் பெருக்குங்க. 15 செக்கனில் 25 அடி என்றால் 100, 31 முதல் 32 என்றால் 125க்கும் கிட்ட.

வேகத்தை நீண்ட எட்டால் எடுக்கக் கூடாது. எல்லாரும் விடுகிற பிழை இதுதான். எட்டை நீட்டினால் குதி தூரத்தில் முன்னால் விழும், ஒவ்வொரு அடியும் பிரேக் பிடிச்ச மாதிரி, முழங்கால் அதை வாங்கும். எட்டைச் சின்னதாக்கி அடியைக் கூட்டுங்க. முழங்கையை 90 பாகையில் மடித்து பின்னுக்கு வீசுங்க. கை வேகமானால் கால் தானாக வேகமாகும்.

அளவுக்கு வாய்ப்பேச்சுப் போதும். மெதுநடையில் வசனம் வசனமாகப் பேசலாம். வேகநடையில் நாலைந்து சொல்லோடு மூச்சு எடுக்க வேணும். பாட்டுப் பாட முடிந்தால் அது வேகநடை இல்லை. ஒரு சொல்லும் வரவில்லை என்றால் கூடிப்போச்சு.

மணலைப் பற்றி ஒரு சொல். காய்ந்த குருமணலில் நடக்க தார்வீதியை விட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி போகும். இது எங்கட கரைக்குக் கிடைச்ச மலை. ஆனால் முதல் நாலு வாரம் தொடக் கூடாது, குதி அமிழ அமிழ குதிநாண் இழுபடும். அதுவரை அலை நனைச்சுப் போன இறுகின மணலில் போங்க. அதிலும் ஒரு கவனம்: கரை கடலுக்குச் சரிஞ்சு கிடக்கும். ஒரே திசையில் போனால் கடல் பக்கத்துக் கால் எப்பவும் பள்ளத்தில், இடுப்பின் வெளிப்பக்கம் நோகும். பாதித் தூரத்தில் கிறுகி வந்த வழியே வாங்க. சீனி வருத்தக்காரர் வெறுங்காலோடு மணலில் இறங்கவே கூடாது, சிப்பி வெட்டினாலும் தெரியாது.

செங்கலடி_77 | செவ்வாய், காலை 6.30

றப்பர் செருப்போடு நடக்கலாமா? சப்பாத்து எல்லாரிட்டையும் இல்லை.

திருக்கோவில்_மணல் | செவ்வாய், காலை 6.48

மெதுநடைக்குப் பரவாயில்லை. வேகநடைக்குக் கூடாது. செருப்பு கழராமல் இருக்க ஒவ்வொரு அடியிலும் கால்விரல் மடங்கிப் பிடிக்கும், அதே நேரம் முன்கால் தசை பாதத்தைத் தூக்கும். நிமிடத்துக்கு 120 தரம் இது நடந்தால் பத்து நாளில் முன்காலெலும்பு ஓரம் நோகத் தொடங்கும். பின்வார் உள்ள சாண்டல் என்றாலும் போதும். சப்பாத்து வாங்குவோர் பின்னேரம் போய், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில் போட்டுப் பாருங்க. கால் பெருவிரலுக்கு முன்னால் ஒரு கைப் பெருவிரல் அகலம் இடம் வேணும்.

நிந்தவூர்_ராத்தா | செவ்வாய், காலை 10.20

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். பாதிப்பேர் பெண்கள் என்று எழுதியிருக்கிறீங்க. விடிய 5 மணிக்கு எல்லாப் பெண்ணாலும் வீதிக்கு வர முடியாது. சமையல், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வெளிச்சமில்லாத ஒழுங்கை, தெருநாய். பின்னேரமும் அப்படித்தான். வீட்டுக்குள்ள செய்யும் முறையைத் திட்டத்தில் சரிசமமாக வைக்க வேணும், ஒப்புக்குச் சேர்க்கக் கூடாது.

சிறந்தது படி ஏறி இறங்குவது. 6 அங்குலப் புளொக் கல் இரண்டைப் படுக்க வைத்து பக்கத்துக்குப் பக்கம் ஒட்டினால் 40 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரத்தில் படி தயார். அடியில் ஈரச்சாக்கு ஒன்றை நாலாக மடித்துப் போடுங்க, மாபிள் தரையில் கல் வழுக்காது. சுவரிலிருந்து ஒரு கை தூரத்தில் வையுங்க, தடுமாறினால் பிடிக்கலாம். மேலே பலகை வைக்க வேண்டாம், ஆடும்.

போனில் மெற்றோனோம் ஆப் போட்டு நிமிடத்துக்கு 80 தட்டு. நாலு தட்டுக்கு ஒரு சுற்று: வலது மேலே, இடது மேலே, வலது கீழே, இடது கீழே. நிமிடத்துக்கு 20 சுற்று. 15 செ.மீ. படியில் இது 4.2 மெற், வேகநடையை விடக் கொஞ்சம் கூட. தட்டை 96 ஆக்கினால் 24 சுற்று, 4.8 மெற். அதே 96இல் படியை 20 செ.மீ. ஆக்கினால் 5.7. இடைவெளி முறைக்கு படியின் உயரத்தை மாத்தவே வேண்டாம். 3 நிமிடம் 96 தட்டில் ஏறுங்க, 3 நிமிடம் தரையில் நின்ற இடத்திலேயே மெதுவாக நடங்க. 5 சோடி, அரை மணித்தியாலம்.

பிழைக்கும் இடங்கள்: குதி படிக்கு வெளியே தொங்கினால் கெண்டைக்கால் பிடிக்கும், பாதம் முழுக்கக் கல்லில் இருக்க வேணும். ஒரே காலால் ஏறிக்கொண்டே இருந்தால் அந்த முழங்கால் நோகும், ஒவ்வொரு நிமிடமும் ஏறும் காலை மாத்துங்க. இறங்கும்போது தூரமாகப் பின்னுக்கு வைக்கக் கூடாது. அபாயாவோ சேலையோ உடுத்துச் செய்யவே கூடாது, விளிம்பு காலில் மாட்டும். மின்விசிறிக்குக் கீழே செய்யுங்க, அது சொகுசுக்கு இல்லை. வீட்டுக்குள்ள காற்று அசையாவிட்டால் வியர்வை காயாது, நாடி வீணாக ஏறும்.

நோன்பு மாதத்தில் இந்த வேகச் சோடிகளை நோன்பு திறந்து ஒன்றரை மணித்தியாலத்துக்குப் பிறகு வையுங்க. திறக்க முந்தின அரை மணித்தியாலத்தில் மெதுநடை மட்டும். சீனிக்கு ஊசி போடுவோர் டொக்டரிட்டக் கேட்காமல் நோன்போடு பயிற்சி செய்யக் கூடாது.

கல்முனை_மிதி | செவ்வாய், பகல் 1.15

ராத்தாவின் படிக்கணக்கு அருமை. சைக்கிளுக்கு நான் சொல்லுறன்.

90 கிலோவுக்கு மேல் எடை, முழங்கால் தேய்வு, குதிவாதம் உள்ளவர்களுக்கு சைக்கிள்தான் முதல். உடம்பின் பாரத்தைச் சீற் வாங்கும். குறை என்னவென்றால் எங்கட வீதி மட்டம், மிதிக்காமலே உருண்டு போகும். அரை மணித்தியாலம் ஓடினேன் என்பவரில் பலர் 20 நிமிடம்தான் மிதித்திருப்பார். மிதிக்கிற நேரத்தை மட்டும் எண்ணுங்க.

சீற் உயரம்: சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி இருந்து, பெடலைக் கீழே கொண்டுவந்து குதியை அதில் வைக்கும்போது கால் நேராக நிமிர வேணும். மறுகா பாதத்தின் முன்பந்தை வைத்தால் முழங்காலில் தேவையான சின்ன மடிப்பு வரும். இங்க பெரும்பாலானோர் தரையில் கால் ஊன்ற வசதியாகச் சீற்றை இறக்கி வைத்திருப்பார்கள், முழங்காலின் முன்பக்க நோவுக்கு முதல் காரணம் அதுதான். முழங்காலுக்குப் பின்னால் நொந்தால் சீற் கூடிப்போச்சு. சீற் மூக்கு மேலே பார்த்தால் மரத்துப் போகும், மட்டமாக வையுங்க.

மிதி வேகம் நிமிடத்துக்கு 70 சுற்று. வலது முழங்கால் 30 செக்கனில் 35 தரம் மேலே வர வேணும். கியர் இல்லாத சைக்கிளில் சுமையைக் கூட்ட ஒரே வழி எதிர்காற்று. காற்றை வெல்லத் தேவையான வலு வேகத்தின் மும்மடியாக, அதாவது வேகம் இரட்டித்தால் எட்டு மடங்காகக் கூடும். ஆகையால் எதிர்காற்றில் கொஞ்ச வேகத்துக்கே மூச்சு வாங்கும். முதலில் எதிர்காற்றில் வேகச் சோடிகளைச் செய்து, திரும்பும்போது காற்றோடு வந்தால் களைப்பு வீடு வரும் வழியில் குறையும். பிரதான வீதியில் செய்யாதீங்க, சந்தி இல்லாத 2 கி.மீ. வயல்பக்க வீதி தேடுங்க. ரயரில் காற்று குறைந்து கிடந்தால் அது பயிற்சி ஆகாது, வளையம்தான் அடிபடும்.

நாடி பார்ப்போர் ஒன்று கவனிக்க: ஒரே மூச்சுவாங்கலுக்கு சைக்கிளில் நாடி நடையை, ஓட்டத்தை விட 5 முதல் 10 குறைவாகக் காட்டும்.

செங்கலடி_77 | செவ்வாய், பின்னேரம் 4.50

மூன்று கேள்வி. 1) நாடி எத்தனை இருக்க வேணும்? 220இல் வயதைக் கழிப்பது சரியா? 2) பிரஷர் குளிசை போடுவோர்? 3) எடை குறையாவிட்டால் பலன் இல்லை என்றுதானே அர்த்தம்? நீந்துவதைப் பற்றியும் ஒருவரும் சொல்லவில்லை.

உப்போடை_பிசியோ | செவ்வாய், இரவு 8.25

220 கணக்கு வயது கூடக் கூடப் பிழைக்கும். 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழியுங்க. 45 வயதுக்கு 176, 55 வயதுக்கு 169 (பழைய கணக்கில் 165). அதுவும் சராசரிதான், ஆளுக்கு ஆள் பத்து, பன்னிரண்டு கூடிக் குறையும். இருக்கும் நாடியையும் சேர்த்தால் இன்னும் நல்லது. 45 வயது, காலையில் எழும்பும்போது நாடி 80 என்று வைத்தால் இடைவெளி 96. அதில் 40 சதவீதம் 38. 80ஓடு கூட்டினால் 118. 60 சதவீதம் என்றால் 138. நடுத்தரப் பயிற்சி 118க்கும் 138க்கும் இடையில், வேகச் சோடி அதற்கு மேல்.

அட்டெனலோல், பைசோபிரொலோல் போன்ற பீற்றா புளொக்கர் குளிசை போடுவோருக்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. மருந்து நாடியை ஏறவிடாது. 130 வரட்டும் என்று அவர் தம் கட்டினால் ஆபத்து. அவருக்கு திருக்கோவில் அண்ணன் சொன்ன வாய்ப்பேச்சு அளவு மட்டும். இருந்தபடி அளந்த பிரஷர் 180/110ஐத் தாண்டினால் அன்று பயிற்சி இல்லை, முதலில் டொக்டர். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் நோவு, தலைச்சுற்று, ஒழுங்கில்லாத படபடப்பு, இதில் ஒன்று வந்தாலும் நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரி. ‘வாயு’ என்று சொல்லி இஞ்சித் தேத்தண்ணி குடித்து விடக் கூடாது. கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் குளிசையோ இன்சுலினோ எடுப்போர் சட்டைப்பையில் சீனி அல்லது குளுக்கோஸ் வைத்திருக்க வேணும். கை நடுங்கி, குளிர்ந்த வியர்வை வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி.

எடையைப் பற்றி: முதலில் சொன்ன 464 பெண்களின் ஆய்வில் எடை பெரிதாகக் குறையவில்லை, குழுக்களுக்கிடையில் வித்தியாசமும் இல்லை. ஆனால் உடற்தகைமை செய்த அளவுக்கேற்பப் படிப்படியாகக் கூடியது. இரண்டும் வேறு வேறு கணக்கு. தராசை மட்டும் பார்ப்பவர் நல்ல பலனைக் கையில் வைத்துக்கொண்டே விட்டுவிடுவார், எனக்கு மிக மனவருத்தம் தருவது அதுதான்.

நீச்சல் மூட்டுக்கு மிக நல்லது. ஆனால் நன்றாக நீந்தத் தெரியாதவருக்கு 25 மீற்றரிலேயே மூச்சு முடியும், சீராகச் செய்ய முடியாது. வாவியில் முதலை உண்டு, கடலில் நீரோட்டம். இந்தக் குழுவுக்கு வேண்டாம்.

ஏறாவூர்_காற்று | செவ்வாய், இரவு 9.10

வெயிலை யாரும் தொடவில்லை. இங்கே திட்டம் குலைவது பெரும்பாலும் அதனால்தான்.

தை, மாசியில் போட்ட வேகம் சித்திரையில் செல்லாது. உடம்புச் சூட்டை வெளியேற்ற இரத்தம் தோலுக்குப் போகும், இதயத்துக்குத் திரும்பும் அளவு குறையும். அதே நடைக்கு நாடி 10, 15 கூட அடிக்கும். ‘பின்னுக்குப் போய்விட்டேன்’ என்று நினைத்து வேகத்தைக் கூட்டுவது பெரும் பிழை. அந்த மாதங்களில் அடிக்கணக்கை விட்டு மூச்சுக்கணக்குக்குப் போங்க. புதிய சூட்டுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் வேணும்.

கச்சான் வீசும் மாதங்கள் இன்னொரு வகை. மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வரும் காற்று, காய்ந்து சுடும். வியர்வை தோலில் நிற்காமல் பறந்துவிடும், சட்டை நனையாது, தண்ணீர் போவதே தெரியாது. நடைக்கு முன்னும் பின்னும் எடை பாருங்க. அரைக் கிலோ குறைந்தால் அது கொழுப்பு இல்லை, அரை லீற்றர் தண்ணீர், திருப்பிக் குடிக்க வேணும். நேரம் காலை 5.30 முதல் 6.45 வரை. பின்னேரம் என்றால் 5.30க்குப் பிறகு, தார் இன்னும் சூடாகத்தான் இருக்கும். வியர்வை நின்று, பேச்சுக் குழறி, தோல் சுடுகிற ஆளை உடனே நிழலில் கிடத்தி, தண்ணீர் ஊற்றி, விசிறியபடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க.

ஐப்பசி தொடக்கம் தை வரை மாரி. வீதியில் வெள்ளம். இரண்டு மூன்று வாரம் நிறுத்தினால் சேர்த்தது கரையத் தொடங்கும். ஆனால் வாரம் ஆறு நாளை இரண்டாகக் குறைத்தும், வேகத்தைக் குறைக்காதவர்கள் 15 வாரம் வரை உச்சத்தைக் காத்துக்கொண்டதைப் பழைய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மழைக்காலத்தில் ராத்தாவின் புளொக் கல்லில் வாரம் இரண்டு தரம், வேகத்தை விடாமல். அது போதும்.

வாழைச்சேனை_ஓட்டம் | செவ்வாய், இரவு 9.35

இடைவெளி நடைக்கு நான் உடன்படுகிறேன். 4×4ஐ 9ஆம் வாரத்துக்குப் பிறகு, விரும்பியவர்களுக்கு, வாரம் ஒரு நாள் வைத்தால் என்ன?

படிக்கட்டையும் மறந்துவிடாதீங்க. அசையாத இளைஞர்கள் மூன்று மாடி, 60 படியை, நாளைக்கு மூன்று தரம் வேகமாக ஏறினார்கள். இடையில் மணித்தியாலக்கணக்கு ஓய்வு. வாரம் 3 நாள், 6 வாரத்தில் உச்சம் 5 சதவீதமளவு கூடியது. மாடிக் கந்தோரில் வேலை செய்வோருக்கு நேரமே போகாது.

கல்லடிவாசி | புதன், இரவு 8.00

எல்லாருக்கும் நன்றி. சொன்னதை வைத்து இப்படிப் போட்டிருக்கிறேன், பிழையைச் சொல்லுங்க.

1, 2ஆம் வாரம்: 5 நாள், 20 நிமிடம், பேசிக்கொண்டே நடை அல்லது 80 தட்டில் படி (இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நின்று ஆறி). 3, 4: 5 நாள், 30 நிமிடம். 5, 6: 3 நாள் இடைவெளி நடை, 3 சோடி, மற்ற 2 நாள் 30 நிமிடம் சீரான நடை. 7, 8: 4 நாள், 5 சோடி, 1 நாள் 40 நிமிடம். 9 முதல் 12: அதே 4 நாளில் ஒன்றை, விரும்பியோருக்கு, 4×4 ஆக மாற்றம், மற்றவர்கள் அந்த நாளில் குருமணலில் 3 சோடி.

சோதனைக்கு 3 நிமிடப் படிச்சோதனை, 30 செ.மீ. படி, 96 தட்டு. முடிவில் ஒரு நிமிட நாடி. முதல் நாளும் கடைசி நாளும்.

நிந்தவூர்_ராத்தா | புதன், இரவு 8.22

30 செ.மீ. படி வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்க: 96 தட்டில் 30 செ.மீ. ஏறினால் நிமிடத்துக்கு 25 மி.லீ.க்கு மேல் செலவு, 7 மெற்றைத் தாண்டும். அக்கா சொன்ன 28 மி.லீ. ஆளுக்கு அது உச்சத்தின் 90 சதவீதம். ஒரு பயிற்சியும் செய்யாமல் முதல் நாளே அதைச் செய்யச் சொல்லுறீங்க. 20 செ.மீ. படி வையுங்க: 6 அங்குலக் கல்லை நிமிர்த்தினால் அதே 20 தான், ஆனால் சாயும். 4 அங்குலக் கல் இரண்டு அடுக்குப் போட்டால் பிடிமானமாக நிற்கும். 12ஆம் வாரமும் அதே கல், அதே தட்டு, அதே நேரம். சோதனைக்கு முந்தின இரண்டு மணித்தியாலத்தில் தேத்தண்ணி, சோறு, சிகரெட் எதுவும் கூடாது.

உப்போடை_பிசியோ | புதன், இரவு 8.45

ராத்தா சொன்னது முற்றிலும் சரி. நடைக்காரருக்கு இன்னொரு சோதனையும் வையுங்க. 1600 மீற்றரை அளந்து, முடிந்த வேகத்தில் ஓடாமல் நடந்து, எடுத்த நேரத்தையும் முடிந்த உடனே 15 செக்கன் நாடியையும் எழுதுங்க. நேரம் குறைந்தால் தேறியிருக்கிறார். நேரம் அதே, நாடி குறைவு என்றாலும் தேறியிருக்கிறார். பீற்றா புளொக்கர் குளிசை போடுவோருக்கு நேரம் மட்டும்.

இன்னும் ஒன்று குறைகிறது. தசைக்கு வாரம் இரண்டு நாள் இல்லை. உலக சுகாதார அமைப்பு 2020இல் சொன்னது, வாரம் 150 முதல் 300 நிமிடம் நடுத்தரப் பயிற்சி அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் பயிற்சி, அதோடு தசைப் பயிற்சி இரண்டு நாள். கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்புவது 10, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 10, குதியை உயர்த்துவது 15, மூன்று சுற்று. 12 நிமிடத்தில் முடியும். குதி உயர்த்துவதை விடாதீங்க, 9ஆம் வாரம் குருமணலில் இறங்குகிற கெண்டைக்காலை அதுதான் காப்பாற்றும்.

திருக்கோவில்_மணல் | வியாழன், காலை 5.12

4×4 நாளில் ஓட வேண்டாம், வேகநடையும் கை வீச்சும் போதாதவர்கள் மட்டும் மெல்லோட்டம். முதல் 4 நிமிடத்தில் முழுப் பலத்தையும் கொட்டினால் மூன்றாவதில் கால் இழுபடும். நாலாவது 4 நிமிடத்தை முதலாவதன் அதே தூரத்தில் முடிக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். கடற்கரையில் குச்சி ஒன்றை நட்டு முதல் சுற்று முடிந்த இடத்தைக் குறியுங்க. நாலாவது சுற்றில் அந்தக் குச்சிக்கு 20 மீற்றருக்கு மேல் குறைந்தால், அடுத்த வாரம் முதல் சுற்றை மெதுவாகத் தொடங்கச் சொல்லுங்க.

கல்லடிவாசி | வியாழன், இரவு 7.40

திருத்திவிட்டேன். 4 அங்குலக் கல் இரண்டு அடுக்கு, 1600 மீற்றர் நடை, செவ்வாயும் வெள்ளியும் தசை. சனிக்கிழமை காலை வீதியை அளந்து ஒவ்வொரு 200 மீற்றருக்கும் சுண்ணாம்புக் குறி போடுகிறோம். பிரஷர் கருவி ஒன்றும் கொண்டுவருகிறோம், முதலில் அது, பிறகு நடை.